பேலியோவுக்கு எந்த வெண்ணெய்? புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பேலியோ, கீட்டோ என்று எந்தப் பெயரில் மாவுச்சத்து குறைந்த, கொழுப்பு நிறைந்த உணவுமுறைக்கு மாறினாலும், முதல் வாரத்திலேயே கடையின் குளிர்பெட்டி முன்னால் போய் நிற்க வேண்டிவரும். பட்டர் டீ, முட்டைப் பொரியல், பனீர், வதக்கிய கீரை என்று எதற்கும் வெண்ணெய் வேண்டும். பெட்டிக்குள்ளே மஞ்சளாக ஒன்று, வெள்ளையாக ஒன்று இருக்கும். ஒன்றில் 'டேபிள் பட்டர்' என்றும், இன்னொன்றில் 'குக்கிங் பட்டர்' என்றும், வேறொன்றில் 'லைட்' என்றும் எழுதியிருக்கும். பக்கத்து மளிகையில் பிளாஸ்டிக் உறையில் கட்டிய 'ஊத்துக்குளி வெண்ணெய்' கிடைக்கும். எதை எடுப்பது?

சோறும் இட்லியும் முக்கிய உணவாக இருந்தவரை வெண்ணெய் எப்போதாவது ஒரு ஸ்பூன்தான். தரம் முன்பின் இருந்தாலும் பெரிய இழப்பில்லை. இந்த உணவுமுறையில் நாளுக்கு 30 கிராம் என்று வைத்தாலே மாதம் ஒரு கிலோவை நெருங்கிவிடும். அப்போது தண்ணீருக்கும் பாமாயிலுக்கும் வெண்ணெய் விலை கொடுக்கிறோமா என்று பார்த்தே ஆக வேண்டும்.

வெண்ணெயில் நாம் காசு கொடுப்பது பால்கொழுப்புக்காக. அது எவ்வளவு இருக்கிறது, அது மட்டும்தான் இருக்கிறதா, கெடாமல் இருக்கிறதா? இந்த மூன்றையும் சரிபார்த்த பிறகு நிறம், பிராண்ட், நாட்டு மாடு பற்றியெல்லாம் யோசிக்கலாம். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

பாக்கெட்டைத் திருப்புங்கள்

முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதிப்படி டேபிள் பட்டரில் பால்கொழுப்பு குறைந்தது 80% இருக்க வேண்டும். ஈரம் 16 சதவீதத்தையும், கொழுப்பு நீங்கிய பால் திடப்பொருள் 2 சதவீதத்தையும், உப்பு 3 சதவீதத்தையும் தாண்டக்கூடாது. வெள்ளை வெண்ணெய், சமையல் வெண்ணெய் என்று விற்பதற்குக் குறைந்தபட்சக் கொழுப்பு 76%. ஆக, நல்ல வெண்ணெயிலும் ஆறில் ஒரு பங்கு வரை தண்ணீர் இருக்கும். அது கலப்படம் இல்லை.

படிக்க வேண்டிய வரிசை இது:

1. பொருளின் பெயர். 'வெண்ணெய்' அல்லது 'பட்டர்' என்று இருக்க வேண்டும். 'ஃபேட் ஸ்பிரெட்', 'பிரெட் ஸ்பிரெட்', 'டேபிள் ஸ்பிரெட்' என்றால் திரும்ப வைத்துவிடுங்கள். ஒரே நிறுவனம் இரண்டு வகையும் ஒரே வண்ணச் சாயலில் விற்கும். அமுல் பட்டர் வெண்ணெய்தான். அதன் பக்கத்திலேயே இருக்கும் அமுல் லைட், அமுல் டெலிஷியஸ் இரண்டும் ஸ்பிரெட் வகை. அவசரத்தில் பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பினால் வீட்டுக்கு வருவது பெரும்பாலும் இதுதான்.

2. சேர்மானப் பட்டியல். பால்கொழுப்பு அல்லது கிரீம், உப்பு, சிலவற்றில் நிறமி. இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. தாவர எண்ணெய், பாமாயில், ஹைட்ரஜனேற்றிய கொழுப்பு என்ற சொற்களில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அது வெண்ணெய் இல்லை. ஐ.என்.எஸ். 471 போன்ற எமல்சிஃபயர் எண் இருந்தால் தண்ணீரையும் கொழுப்பையும் வலிந்து சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள். ஒழுங்காகக் கடைந்த வெண்ணெய்க்கு அது வேண்டியதில்லை. ஐ.என்.எஸ். 160பி என்பது அனாட்டோ விதையிலிருந்து எடுக்கும் மஞ்சள் நிறமி. அதனால் ஆரோக்கியத்துக்குக் கெடுதல் என்று பயப்பட வேண்டாம். ஆனால் அந்த மஞ்சளைப் பார்த்துப் பசும்புல் மேய்ந்த மாடு என்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

3. சத்துப் பட்டியலில் 100 கிராமுக்கு மொத்தக் கொழுப்பு 80 கிராம், ஆற்றல் 720 கிலோகலோரி அளவில் இருக்க வேண்டும். நிறைவுற்ற கொழுப்பு 50 கிராமை ஒட்டி இருக்கும். மொத்தக் கொழுப்பு 80 கிராம் என்று போட்டுவிட்டு நிறைவுற்ற கொழுப்பை 25, 30 என்று காட்டினால் உள்ளே திரவத் தாவர எண்ணெய் இருக்கிறது. பாமாயில் கலவை இந்த ஒப்பீட்டில் ஓரளவு தப்பிவிடும் என்பதால் சேர்மானப் பட்டியலைப் படிக்காமல் இதை மட்டும் நம்ப வேண்டாம்.

4. 14 இலக்க உரிம எண், தயாரித்த தேதி, பேட்ச் எண். உள்ளூர்த் தயாரிப்புகளில் தயாரித்த தேதியை ரப்பர் ஸ்டாம்பு மையில் அழியும்படி குத்தியிருந்தால் எடுக்க வேண்டாம்.

இதயத்துக்குக் கெடுதல் என்று சொல்லப்படும் டிரான்ஸ் கொழுப்பு பற்றி ஒரு வார்த்தை. மாடு, எருமை, ஆடு போன்ற அசைபோடும் விலங்குகளின் பாலில் இயற்கையாகவே சிறிதளவு டிரான்ஸ் கொழுப்பு உண்டு. இந்திய லேபிளில் இயற்கையாக வருவதை விட்டுவிட்டுத்தான் கணக்குக் காட்டுவார்கள். வெளிநாட்டுப் பாக்கெட்டில் மொத்தமாகக் காட்டினால் 2, 3 கிராம் இருக்கலாம். வனஸ்பதியில் வருவது வேறு. 2022 ஜனவரி முதல் இந்தியாவில் எண்ணெய், கொழுப்புகளில் தொழிற்சாலை டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது.

உப்பு போட்டதா, போடாததா?

புதியவருக்கு உப்பில்லாததையே சொல்வோம். மூன்று காரணங்கள் உண்டு. உப்பு பழைய வாடையை மறைக்கும். உப்பில்லாத வெண்ணெயில் கெட்டுப்போனதை நாக்கு உடனே பிடித்துவிடும். பட்டர் டீக்கு உப்பு வெண்ணெய் போட்டால் குடிக்க முடியாது. நெய் உருக்கினால் உப்பு முழுவதும் கசண்டோடு அடியில் தங்கி வீணாகும்.

இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கணக்கும் பார்க்க வேண்டும். பிரபலமான உப்பு வெண்ணெய்களில் 100 கிராமுக்கு சோடியம் 800 மில்லிகிராமைத் தாண்டும். நாளுக்கு 50 கிராம் சாப்பிட்டால் 400 மில்லிகிராம், அதாவது ஒரு கிராம் உப்பு. இது மலையளவு இல்லைதான், ஆனால் ஏற்கெனவே உப்பு போட்ட முட்டையிலும் கறியிலும் இதுவும் சேரும்.

உப்பு வெண்ணெய்க்கு ஒரு நன்மை உண்டு: அதிக நாள் தாங்கும். மின்வெட்டு அதிகமுள்ள ஊரில், சிறிய ஃபிரிட்ஜ் வைத்திருப்பவருக்கு அது பெரிய விஷயம். அப்படிப்பட்டவர் 100 கிராம் பாக்கெட்டாக உப்பு வெண்ணெயே வாங்கிக்கொள்ளலாம். சமையலில் உப்பைக் குறைத்தால் போதும்.

வெள்ளையா, மஞ்சளா?

எருமை, தீவனத்தில் உள்ள பீட்டா கரோட்டின் என்ற மஞ்சள் நிறப்பொருளை வைட்டமின் ஏ ஆக மாற்றிவிட்டுப் பாலுக்குள் அனுப்புகிறது. பசு அதில் ஒரு பங்கை அப்படியே பால்கொழுப்பில் விட்டுவிடுகிறது. அதனால் எருமை வெண்ணெய் வெள்ளை, பசு வெண்ணெய் இளமஞ்சள். வெள்ளையாக இருப்பதால் எருமை வெண்ணெயில் வைட்டமின் ஏ இல்லை என்று எண்ணுவது தவறு.

பசு வெண்ணெயின் மஞ்சளும் ஆண்டு முழுவதும் ஒரே அளவில் இருக்காது. பச்சைத் தீவனம் தின்றால் கூடும். காய்ந்த வைக்கோலும் பிண்ணாக்கும் தின்றால் குறையும். வடகிழக்குப் பருவமழை முடிந்து புல் செழித்திருக்கும் மார்கழி, தையில் கிடைக்கும் வெண்ணெய்க்கும் சித்திரை வெயிலில் கிடைப்பதற்கும் நிறத்தில் வேறுபாடு தெரிய வேண்டும். பன்னிரண்டு மாதமும் ஒரே அடர்மஞ்சளில் வருவது நிறமியின் வேலை. உள்ளூர்ப் பால்காரரின் வெண்ணெய் மாதத்துக்கு மாதம் சற்று நிறம் மாறினால் புகார் செய்யாதீர்கள், அது நல்ல அறிகுறி.

கெட்டித்தன்மைக்கும் தீவனத்துக்கும் தொடர்புண்டு. பருத்திக்கொட்டையும் பருத்திப் பிண்ணாக்கும் நிறையக் கொடுத்தால் கொழுப்பு இறுகும், உருகுநிலை உயரும். எருமைக் கொழுப்பு இயல்பிலேயே பசுவினுடையதைவிடச் சற்றுக் கெட்டி. ஆகவே 'வெளியில் வைத்தால் உருகவே மாட்டேன் என்கிறது, டால்டா கலந்திருக்கிறார்கள்' என்று உடனே முடிவு கட்ட முடியாது. பால்கொழுப்பு 32 முதல் 35 டிகிரிக்குள் முழுதாக உருகும். மே மாதத்துச் சென்னைச் சமையலறையில் எந்த வெண்ணெயும் எண்ணெயாகத்தான் நிற்கும். மார்கழிக் காலையில் அதே வெண்ணெய் கத்தியில் வெட்டுப்படும்.

எதை வாங்குவது என்றால், டீக்கும் முட்டைக்கும் பசு வெண்ணெய் மென்மையாகக் கலக்கும். நெய் காய்ச்ச எருமை வெண்ணெய் மணல்மணலாக நன்றாக வரும். சத்தில் உள்ள வேறுபாடு, இந்த இரண்டில் ஒன்றைத் தேடி ஊர் சுற்றும் அளவுக்குப் பெரிதில்லை.

ஏ2, நாட்டு மாடு, புல் மேய்ந்தது

ஏ1, ஏ2 என்பது பாலில் உள்ள பீட்டா கேசின் என்ற புரதத்தின் வகை. வெண்ணெயில் மொத்தப் புரதமே ஒரு சதவீதத்துக்குக் கீழேதான். இல்லாத ஒன்றின் வகைக்காக இரண்டு மடங்கு, மூன்று மடங்கு விலை கொடுப்பதில் பொருளில்லை. நெய்யில் இன்னும் பொருளில்லை. 2024 ஆகஸ்டில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பால்பொருள்களில் ஏ1, ஏ2 என்ற அடையாளத்தை நீக்கச் சொல்லி அறிவுறுத்தியது. சில நாள்களிலேயே கூடுதல் ஆலோசனைக்காக அதைத் திரும்பப் பெற்றது. அதனால் அந்த எழுத்து இன்றும் உறைகளில் இருக்கிறது. நாட்டு மாடு வளர்ப்பவரை ஆதரிக்க வேண்டும் என்று வாங்கினால் அது வேறு, நல்ல காரணமும்கூட. உடம்புக்கு என்று நினைத்து வாங்காதீர்கள்.

'புல் மேய்ந்த மாட்டின் வெண்ணெய்' என்பதில் உண்மையான சாரம் இருக்கிறது. பச்சைத் தீவனம் தின்ற மாட்டின் கொழுப்பில் கரோட்டினும், சி.எல்.ஏ. என்ற கொழுப்பு அமிலமும் கூடுதலாக இருக்கும். ஆனால் தமிழ்நாட்டில் பெரும்பாலான கறவை மாடுகள் மேய்வது கொஞ்சம். தொட்டியில் வைக்கோல், பிண்ணாக்கு, தவிடு, இருந்தால் கோ-4, கோ-5 தீவனப்புல். எனவே உறையில் உள்ள வாசகத்தைவிட விற்பவரிடம் கேட்கும் ஒரு கேள்வி பயன் தரும்: 'மாட்டுக்குப் பசும்புல் என்ன போடுறீங்க, எத்தனை மாசம் போடுறீங்க?' நேரடியாக மாடு வைத்திருப்பவர் யோசிக்காமல் பதில் சொல்வார். வாங்கி விற்பவர் மழுப்புவார். இயற்கை வேளாண் தயாரிப்பு என்றால் உறையில் 'ஜைவிக் பாரத்' முத்திரை இருக்க வேண்டும்.

உதிரி வெண்ணெய்: ஆசையும் ஆபத்தும்

திருப்பூர் மாவட்டத்து ஊத்துக்குளி, வெண்ணெய்க்கும் நெய்க்கும் பெயர் போன ஊர். அந்தப் பெயரை ஒட்டினால் விலை போகும் என்பதால் ஒட்டுகிறார்கள். உறைக்குள் இருப்பது அங்கிருந்து வந்ததா என்பதற்கு வேறு ஆதாரம் வேண்டும். முகவரியும் உரிம எண்ணும் இல்லாத 'ஊத்துக்குளி வெண்ணெய்' வெறும் பெயர்தான்.

உதிரி வெண்ணெய் இரண்டு வகையில் வருகிறது. காய்ச்சிய பாலைத் தயிராக்கிக் கடைந்து எடுப்பது பழைய முறை. அதில் லேசான புளிப்பும், தயிர் உறையும்போது உண்டாகும் தனி மணமும் இருக்கும். பட்டருக்கு உரிய ருசி என்று நாம் சொல்வதில் பாதி அந்த மணம்தான். இன்னொன்று, பச்சைப் பாலை செபரேட்டர் எந்திரத்தில் விட்டுக் கிரீமைப் பிரித்து, அதைக் கடைவது. இன்று மொத்தமாக விற்கும் உதிரி வெண்ணெயில் பெரும்பங்கு இப்படித்தான் வருகிறது. இதில் பால் ஒருமுறைகூடக் காய்வதில்லை. புருசெல்லா போன்ற கிருமிகள் பச்சைப் பால் வழியாக மனிதருக்கு வரக்கூடும். எனவே எப்படி எடுத்தது என்று தெரியாத உதிரி வெண்ணெயைப் பச்சையாகத் தின்ன வேண்டாம். நெய்யாக உருக்கியே பயன்படுத்துங்கள். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் இதில் விலக்கே கிடையாது.

விலையைச் சரிபார்க்க ஒரு கணக்கு. ஒரு கிலோ வெண்ணெயில் கொழுப்பு சுமார் 800 கிராம். 6% கொழுப்புள்ள எருமைப்பால் என்றால் 13 லிட்டருக்கு மேல், 4% உள்ள பசும்பால் என்றால் 20 லிட்டர் வேண்டும். கொழுப்பெடுத்த பாலை விற்றுக் கொஞ்சம் ஈடுகட்டலாம் என்றாலும், டெய்ரி வெண்ணெயைவிடப் பாதி விலைக்கு 'வீட்டு வெண்ணெய்' தர ஒருவராலும் முடியாது. அப்படித் தந்தால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது.

அந்த வேறு ஏதோ பெரும்பாலும் தண்ணீர்தான். அதைக் கண்டுபிடிக்க வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். புதிய கடையில் முதலில் கால் கிலோ மட்டும் வாங்கி இதைச் செய்துவிட்டுப் பிறகு வாடிக்கை பிடியுங்கள்.

கிராம் துல்லியத்தில் காட்டும் ஒரு சிறிய தராசு வேண்டும். அடி கனமான சின்னப் பாத்திரத்தை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உப்பில்லாத வெண்ணெய் 100 கிராம் அதில் போட்டு, மிகச் சிறு தீயில் வையுங்கள். முதலில் வெள்ளை நுரை பொங்கும், பிறகு சடசடவென்று பெரிய குமிழிகள் வரும். அது தண்ணீர் போகும் சத்தம். சத்தம் அடங்கி, அடியில் கசண்டு பொன்னிறமானதும் இறக்குங்கள். எட்டு முதல் பத்து நிமிடம் ஆகும். முருங்கைக்கீரை, கறிவேப்பிலை எதையும் போட வேண்டாம், எடை கெட்டுவிடும். இளஞ்சூட்டில் மெல்லிய வடிகட்டியில் வடித்து நெய்யை மட்டும் எடை போடுங்கள்.

சமையல் வெண்ணெய்க்கு 73, 74 கிராம் வந்தால் சரி. வடிகட்டியிலும் பாத்திரத்திலும் ஒட்டியது இரண்டு மூன்று கிராம் போய்விடும். நல்ல டெய்ரி வெண்ணெய் 78ஐத் தொடும். 70க்குக் கீழே இறங்கினால் தண்ணீரோ பிழியாத மோரோ அதிகம். 60ஐ ஒட்டி வந்தால் அந்தக் கடையை மறந்துவிடுங்கள். கசண்டு 2 கிராமுக்கு மேல் கூழாகவும் பசையாகவும் ஒட்டினால் மாவுப்பொருள் இருக்கலாம். அதற்கு: அரை ஸ்பூன் வெண்ணெயைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்து இரண்டு மூன்று சொட்டு டிங்ச்சர் அயோடின் விடுங்கள். நீலமானால் மாவோ மசித்த உருளைக்கிழங்கோ கலந்திருக்கிறது.

இதே எடையை வைத்து உண்மையான விலையும் தெரிந்துகொள்ளலாம். கிலோ 560 ரூபாய் பாக்கெட்டில் 80% நெய் வந்தால், ஒரு கிலோ நெய்க்கு 700 ரூபாய். கிலோ 500 ரூபாய் உதிரியில் 68% வந்தால் 735 ரூபாய். மலிவு என்று வாங்கியதுதான் விலை கூடியது.

வனஸ்பதி, பாமாயில் கலப்பை வீட்டில் உறுதியாகக் கண்டுபிடிக்க வழியில்லை. உள்ளங்கையில் தேய்ப்பது, ஃபிரிட்ஜில் வைத்து அடுக்குப் பார்ப்பது என்று இணையத்தில் சுற்றுபவை நம்பத்தக்கவை அல்ல. ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சர்க்கரையும் கொண்டு செய்யும் சோதனை, வனஸ்பதியில் அடையாளத்துக்காகச் சேர்க்கும் நல்லெண்ணெயைத்தான் காட்டும். வெறும் பாமாயிலை அது விட்டுவிடும், அடர் அமிலம் கையையும் கண்ணையும் புண்ணாக்கும், வீட்டில் வேண்டாம். நாக்கு ஓரளவு உதவும்: பட்டாணி அளவு வெண்ணெயை நாக்கில் வைத்தால் நல்லது சுத்தமாகக் கரைந்து போகும். மேலண்ணத்தில் மெழுகு பூசியதுபோல் படிந்து நின்றால் சந்தேகப்படுங்கள். உறுதி வேண்டுமென்றால் ஆய்வகத்தில் ஆர்.எம். மதிப்பு பார்க்கச் சொல்லலாம். பால்கொழுப்புக்கே உரிய பியூட்டிரிக் அமிலத்தை அளப்பது அது; பாமாயிலோ மாட்டுக்கொழுப்போ கலந்தால் அந்த எண் இறங்கும். கலப்படம் என்று தோன்றினால் பில்லையும் மீதி வெண்ணெயையும் பத்திரப்படுத்தி மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுங்கள்.

இவ்வளவு மெனக்கெட நேரமில்லாதவர்களுக்கு: ஆவின் சமையல் வெண்ணெய், அல்லது ஏதாவது பெரிய டெய்ரியின் உப்பில்லாத பாக்கெட். பாஸ்சரைஸ் செய்தது, அதாவது சூடாக்கிக் கிருமி நீக்கியது; கொழுப்பளவு உறுதி. ஊர் பேர் தெரியாத 'கிராமத்து வெண்ணெயை'விட இது எத்தனையோ மேல். மாடும் ஆளும் கண்முன் இருந்து, காய்ச்சிய பாலில் கடைந்து தருபவர் கிடைத்தால் மட்டும் இதை மாற்றிக்கொள்ளுங்கள்.

கடையில் கையில் எடுத்ததும்

வெண்ணெய் கெடுவது பெரும்பாலும் தொழிற்சாலையில் அல்ல, வழியிலும் கடையிலும்தான். சில சிறு கடைகளில் இரவில் குளிர்பெட்டியை அணைத்துவிடுவார்கள். வெண்ணெய் இரவில் இளகி, காலையில் திரும்ப இறுகும்.

பெட்டியின் மூலைகள் கூராக இருக்கின்றனவா பாருங்கள். மூலை மழுங்கி, உறையில் எண்ணெய்க் கறை படிந்து, உள்ளே உறைத்தாள் சுருங்கி ஒட்டியிருந்தால் அது ஒருமுறையாவது உருகியிருக்கிறது. வீட்டில் பிரித்துக் கத்தியால் வெட்டினால் வெட்டிய முகம் வழவழப்பாக, ஒரே நிறமாக இருக்க வேண்டும். மணல்மணலாக இருந்தால் உருகி உறைந்தது. துளித்துளியாகத் தண்ணீர் கசிந்தால் சரியாகப் பிசைந்து நீர் நீக்கவில்லை. அந்த நீர்த்துளிகளில்தான் கிருமி வளரும். மேல்பரப்பு மட்டும் உள்ளே இருப்பதைவிட அடர்மஞ்சளாக இருந்தால் காற்றுப் பட்டுக் காய்ந்திருக்கிறது. அந்த மெல்லிய அடுக்கைச் சீவி முகர்ந்து பாருங்கள், காறல் இல்லாவிட்டால் மீதி நல்லதுதான்.

வீட்டில்

வெண்ணெய் இரண்டு விதமாகக் கெடும். காற்றும் வெளிச்சமும் பட்டால் பழைய தேங்காய்போல் காறல் வரும். நீரும் கிருமியும் சேர்ந்தால் கொழுப்பு உடைந்து, வாந்திபோன்ற புளித்த நாற்றம் வரும். முன்னதற்கு மருந்து இறுக்கமான உறை. பின்னதற்குக் குளிரும் சுத்தமான கத்தியும். டோஸ்ட் துகள், முட்டை பட்ட ஸ்பூன் உள்ளே போவதுதான் வீட்டு வெண்ணெயைக் கெடுக்கும் முதல் காரணம்.

அரைக் கிலோ வாங்கினால் அன்றே 100 கிராம் கட்டிகளாக வெட்டி, பட்டர் பேப்பரில் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் போட்டு ஃபிரீசரில் வையுங்கள். ஆறு மாதம் வரை தாங்கும். ஒரு கட்டியை மட்டும் கீழ்த்தட்டில் வைத்துப் பயன்படுத்துங்கள். ஃபிரிட்ஜ் கதவில் வைக்காதீர்கள், திறக்கும்போதெல்லாம் சூடாகும். மல்லிகைப்பூ, வெட்டிய வெங்காயம், மீன் ஆகியவற்றின் அருகிலும் வேண்டாம். வெண்ணெய் வாசனையை அப்படியே இழுத்துக்கொள்ளும், மல்லிகை மணக்கும் ஆம்லெட் யாருக்கும் பிடிக்காது.

கடைந்த வெண்ணெயை உருண்டையாக்கித் தண்ணீரில் போட்டு வைக்கும் பழக்கம் நல்லதுதான், காற்றுப் படாது. ஆனால் காய்ச்சி ஆறிய தண்ணீர் ஊற்றி, தினம் மாற்றி, ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். நான்கைந்து நாளுக்கு மேல் போனால் உருக்கிவிடுங்கள். லேசாகப் புளித்திருந்தால் உருக்கி நெய்யாக்கலாம். காறல் வந்ததை உருக்கினாலும் காறல் போகாது, கொட்டிவிட வேண்டியதுதான்.

பால் ஆடையைச் சேர்த்து வீட்டிலேயே எடுக்க நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஹோமோஜினைஸ் செய்த, அதாவது கொழுப்பை நுண்துளிகளாக உடைத்துக் கலந்த பாலில் ஆடை கனமாகக் கட்டாது. 6% கொழுப்புள்ள ஆவின் ஆரஞ்சுப் பாக்கெட் ஒரு லிட்டரில் இருப்பதே 60 கிராம் கொழுப்பு. அதை முழுக்க எடுத்தாலும் 75 கிராம் வெண்ணெயைத் தாண்ட முடியாது, ஆடையாக எடுக்கும்போது அதில் ஒரு பங்குதான் வரும். சேர்த்த ஆடையில் இரண்டு ஸ்பூன் தயிர் விட்டு இரவு உறையவிட்டு, காலையில் குளிரவைத்துக் கடையுங்கள். வெயில் நாளில் ஐஸ் கட்டி போடாமல் மிக்சியில் ஓட்டினால் வெண்ணெய் திரளாமல் பிசுபிசுப்பாகி மோரோடு போய்விடும். திரண்டதும் குளிர்ந்த நீரில், நீர் தெளிவாகும்வரை மூன்று நான்கு முறை அலசிப் பிழியுங்கள். மோர் தங்கினால் இரண்டே நாளில் புளிக்கும்.

அடுப்பிலும் டம்ளரிலும்

வெண்ணெயில் உள்ள பால் திடப்பொருள் 150 டிகிரியை ஒட்டிக் கருகத் தொடங்கும். எனவே முட்டை, பனீர், காளான், கீரைக்குச் சிறு தீயில் வெண்ணெய். நுரை அடங்கியதும் முட்டையை ஊற்றலாம். பொன்னிறத் துகள் நல்லது, கறுப்புத் துகள் வந்தால் கொட்டிவிட்டுத் திரும்பத் தொடங்குங்கள். பாதாம் வறுக்க, மீன் பொரிக்க, தாளிக்க நெய்தான்.

பட்டர் டீக்கு 200 மி.லி. சூடான கட்டந்தேநீரில் 10 கிராம் உப்பில்லாத வெண்ணெய் போட்டு மிக்சியிலோ கையடக்க பிளெண்டரிலோ அரை நிமிடம் அடியுங்கள். ஸ்பூனால் கலக்கினால் மேலே எண்ணெயாக மிதக்கும். சூடான திரவத்தை மிக்சியில் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம், மூடி எகிறும். முதல் நாளே 30 கிராம் போட்டுக் குடித்துவிட்டு வயிற்றுப்போக்கு என்று சொல்பவர்கள் அதிகம். ஒரு வாரம் 10 கிராம், பிறகு 15, 20 என்று ஏற்றுங்கள். பித்தப்பை எடுத்தவர்களுக்கு இந்த ஏற்றம் இன்னும் மெதுவாக இருக்க வேண்டும்.

எவ்வளவு?

ஒரு மேசைக்கரண்டி, அதாவது 14 கிராம், 100 கிலோகலோரி. தரமான வெண்ணெய் என்பதால் இந்தக் கணக்கு மாறாது. எடை குறையாமல் நிற்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது டம்ளரில் போகும் இந்த அளவைத்தான். இட்லி, சோறு, சர்க்கரையைக் குறைக்காமல் அவற்றின்மேல் வெண்ணெயையும் சேர்ப்பது எந்த உணவுமுறையும் இல்லை. இரண்டு பக்கக் கெடுதலும் சேர்ந்து வரும்.

உலக சுகாதார நிறுவனம் நிறைவுற்ற கொழுப்பை மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் வைக்கச் சொல்கிறது. 2000 கிலோகலோரி சாப்பிடுபவருக்கு அது 22 கிராம். 43 கிராம் வெண்ணெயிலேயே அது தீர்ந்துவிடும். இந்த உணவுமுறையில் இருப்பவர்கள் பலர் அந்த எல்லையைத் தெரிந்தே தாண்டுகிறார்கள். தாண்டுவதாக இருந்தால் இரத்தப் பரிசோதனை இல்லாமல் தாண்டாதீர்கள். தொடங்கும் முன் ஒரு லிப்பிட் புரொஃபைல் (இரத்தக் கொழுப்புப் பரிசோதனை), மூன்று மாதம் கழித்து இன்னொன்று. டிரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு குறைந்து, 'நல்ல கொலஸ்ட்ரால்' எனப்படும் எச்.டி.எல். கூடியது என்று மகிழ்வதோடு நிற்காமல், 'கெட்ட கொலஸ்ட்ரால்' எனப்படும் எல்.டி.எல். எண்ணையும் பாருங்கள், சிலருக்கு வெண்ணெயால் அது வெகுவாக ஏறும். ஏறினால் வெண்ணெயைக் குறைத்து, அந்த இடத்தில் நல்லெண்ணெய், கடலை எண்ணெய், மீன், பாதாம் சேர்த்து, மருத்துவரிடம் காட்டுங்கள். இதய நோய் உள்ளவர்கள், குடும்பத்தில் இளம் வயது மாரடைப்பு உள்ளவர்கள், சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் முதல் பாக்கெட் வாங்கும் முன்பே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்; உணவில் மாவுச்சத்து குறைந்ததும் மருந்தின் அளவை மாற்றாவிட்டால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும்.